சாமி வரும் வரைக்கும்

சனிக்கிழமையானால் என் வீட்டுக்கு ஒரு பெண் வருகிறாள். எங்கள் தெருவிலும் அக்கம்பக்கத்துத் தெருக்களிலும் தனியாக இருக்கிற வயசானவர்களைப் பார்த்துக்கொள்வதற்கென்று ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது. சம்பளம் கிடையாதாம். ரிடையரான டீச்சரம்மா ஒருத்தர், பேங்கில் இருக்கிற ஒரு தம்பி, மற்றபடி எல்லாம் காலேஜ் பிள்ளைகள். கையில் பட்டை கட்டி பிபி பார்ப்பார்கள். கால் நகம் வெட்டிவிடுவார்கள். போனில் ஏதாவது மெசேஜ் வந்திருந்தால் படித்துச் சொல்வார்கள். மதியத்துக்கு ஒரு டப்பாவில் சாதமும் கூட்டும் வைத்துவிட்டுப் போவார்கள். டப்பாவைத் திருப்பிக் கொடுத்தால் வாங்குவதில்லை. கழுவிக் கழுவி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறேன்.

முதல் தடவை வந்தபோது நான் கதவைத் திறக்கவில்லை. எனக்கு மகன் இருக்கிறான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலை, குடும்பத்தோடு அங்கேயே இருக்கிறான், மாதம் தவறாமல் வந்து பார்த்துவிட்டுப் போகிறான். எனக்கு முட்டிதான் போய்விட்டதே தவிர கை போகவில்லை. என் சோற்றை நான் வடித்துக்கொள்வேன். ஒருத்தர் வைத்துவிட்டுப் போனதை எடுத்துத் தின்கிற வளர்ப்பு என்னுடையதில்லை. இதையெல்லாம் ஜன்னல் வழியாகச் சொன்னேன். அந்தப் பெண் சிரித்த முகமாகக் கேட்டுவிட்டு, டப்பாவை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது திறக்கிறேன். நல்ல பெண். ஆயா ஆயா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறாள். ஆனால் நின்ற இடத்தில் நிற்க மாட்டாள். போன சனிக்கிழமை, வேறு ஏதாவது வேண்டுமா, டீச்சரிடம் சொல்கிறேன் என்று கேட்டாள்.

"ஒண்ணும் வேணாம். கொஞ்ச நேரம் குந்துமா" என்றேன்.

"இன்னும் நாலஞ்சு வீடு இருக்குது ஆயா."

"சரி. எப்ப வரைக்கும் வருவீங்க?"

"இன்னா ஆயா இப்படிக் கேக்கறீங்க? வந்துக்கினேதான் இருப்போம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

எதற்காகக் கேட்டேன் என்று அவளிடம் வாசற்படியில் நின்று சொல்லி முடிக்கிற விஷயமில்லை. எழுதலாம் என்று தோன்றியது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். பரவாயில்லை, எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

அப்போது எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி என்னைத் தறியில் உட்காரவைத்துவிட்டார்கள். கரை ஒரு நிறமும் உடல் வேறு நிறமுமாக நெய்கிற சேலைக்கு ஓர் ஆள் போதாது. நெய்கிறவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆள் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடாக்கட்டையைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் தறியில் அப்பாவுக்கு அந்தச் சின்ன ஆள் நான். காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்க முடியாது. நான் எழுந்தால் தறி நின்றுவிடும், தறி நின்றால் அப்பாவின் முகம் மாறிவிடும்.

எங்கள் தெருவுக்கு ஒரு பெருமை உண்டு. பங்குனித் திருவிழாவில் ஒருநாள் காலையில் பெரிய கோயில் சாமி எங்கள் தெருவுக்குள் வரும். எங்கள் பந்தலில் இறங்கி, எங்கள் தெருவில் நெய்த பட்டைக் கட்டிக்கொண்டு, எங்கள் கை நைவேத்தியத்தை ஏற்றுக்கொண்டு போகும். அதை மண்டகப்படி என்போம். அந்த ஒரு காலைக்காக வருஷம் முழுக்க எங்கள் தெரு காத்துக்கிடந்தது என்று சொன்னால் தப்பில்லை.

ஆனால் தெருவில் ஒரு சாவு விழுந்துவிட்டால் சாமி உள்ளே வராது. பிணத்தை எடுத்துத் தெருவைக் கழுவிவிட்டாலும் அந்த வருஷத்து மண்டகப்படி போனதுதான். பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போய்விடும். நான் பிறப்பதற்கு முன்பு ஒரு தடவை அப்படி ஆகியிருக்கிறது. சாமிக்கென்று நெய்து வைத்திருந்த பட்டை, எங்கள் ஆட்களே பின்தெருப் பந்தலுக்கு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார்களாம். உங்க பட்டு எங்க சாமி என்று பின்தெருவில் யாரோ கேலி பேசியதை என் சித்தப்பா கடைசிவரை மறக்கவில்லை. பந்தல் வேலைக்கெல்லாம் தெருவில் முன்னே நிற்பவர் அவர்தான். அப்பாவுக்கு இளையவர், அடுத்த வீட்டிலேயே குடியிருந்தார்.

தெருக்கோடி வீட்டில் ஒரு தாத்தா இருந்தார். எங்கள் அப்பாவுக்குப் பெரியப்பா முறை. எங்கள் தெருவில் எல்லாருமே எல்லாருக்கும் ஏதோ ஒரு முறைதான். பெண்டாட்டி போய் வெகுகாலம் ஆயிற்று, பிள்ளை குட்டி கிடையாது. வாய் மட்டும் இருந்தது. சித்தப்பாவின் கல்யாணத்தில் மணையில் உட்கார்ந்திருந்த சித்தியின் முந்தானையைத் தூக்கி நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, சரிகை கலப்பு என்று சபை நடுவே சொன்னவர் அவர். அந்தச் சேலையை நெய்தது சித்தப்பாவே. அன்றோடு எங்கள் இரண்டு வீட்டுக்கும் அவருக்கும் பேச்சு நின்றுபோயிற்று. சுவரை ஒட்டின வீட்டு அத்தையோடு முருங்கைமரத் தகராறு. எதிர்வீட்டோடு சாக்கடைத் தகராறு. மிச்சமிருந்தவர்களோடு என்ன தகராறு என்று அவருக்கே நினைவில்லாமல் போயிருக்கும். தானே பொங்கி, தானே தின்று, தனக்குத்தானே பேசிக்கொண்டு கிடந்தார்.

அந்த வருஷம் கோயிலில் கொடி ஏறின கையோடு கோடி வீட்டிலிருந்து இருமல் கேட்க ஆரம்பித்தது. முருங்கைமரத்து அத்தைதான் முதலில் கேட்டவள். இருமலில்லை, இளைப்பு, நெஞ்சுக்குள் ரம்பம் இழுப்பதுபோல இழுக்கிறது, கிழவர் ஒரு வாரம் தாங்க மாட்டார் என்று தெருவில் சொன்னாள். சாமி வருவதற்கு அதைவிடக் கொஞ்சம் கூடவே நாள் இருந்தது.

பந்தக்கால் நட்ட இடத்தில் ஆண்கள் கூடினார்கள். தாமல் கிராமத்தில் அவருக்குத் தூரத்துச் சொந்தம் இருக்கிறதாமே, வண்டி கட்டி அங்கே கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று ஒருவர் கேட்டாராம். கிழவர் அலுங்கினால் தாங்க மாட்டார், வண்டியில் ஏற்றும்போதே போய்விட்டால் என்ன செய்வது என்று அதைக் கைவிட்டார்கள். பிறகு சித்தப்பா பேசினார். ஒரு வயசான மனுஷனை இப்படி விட்டுவிட்டு நாம் சாமியைக் கூப்பிட்டால் வருமா என்று கேட்டார்.  அப்பா இதை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டபோது, என் சித்தப்பாவைப்போல நல்லவர் காஞ்சிபுரத்திலேயே கிடையாது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு வீடு முறை வைத்தார்கள். இன்றைக்கு ஒரு வீடு என்றால் நாளைக்கு அடுத்த வீடு. காலையில் கஞ்சி, மதியம் குழையவைத்த சோறு, இரவில் துணைக்குப் படுக்க ஓர் ஆள்.

அடுத்த நாளிலிருந்து கோடி வீட்டில் நடந்த பணிவிடை எங்கள் தெருவில் பெற்ற தகப்பனுக்கும் நடந்ததில்லை. ஒழுகின இடத்தில் ஓடு மாற்றினார்கள். கயிற்றுக் கட்டிலை இழுத்துக் கட்டி இலவம்பஞ்சு மெத்தை போட்டார்கள். நாவிதர் வந்து தாடியை வழித்துவிட்டுப் போனார். ஊசி போடுகிற கம்பவுண்டர் சைக்கிளில் வந்தார். நெஞ்சில் தேய்க்கக் கற்பூரத் தைலம் காய்ச்சினார்கள். முருங்கைமரத்து அத்தை, தகராறுக்குக் காரணமான அதே மரத்துக் கீரையில் சூப்பு வைத்துக் கொண்டுபோய், தன் கையாலேயே ஊட்டிவிட்டாளாம். குடித்துவிட்டு, "இவ்ளோ ருசியான மரத்துக்கா இத்தினி வருசம் சண்டை போட்டேன்" என்று அவர் சொல்ல, அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். தெரு முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவரிடம் பேசிப் பழக ஆரம்பித்ததும், அவர் ஒன்றும் அவ்வளவு மோசமில்லை என்று எல்லாருக்குமே தோன்றிவிட்டது.

பிற்பகல்தான் சிக்கலாக இருந்தது. எல்லா வீட்டிலும் தறி ஓடுகிற நேரம். அதற்குத்தான் என்னைப் போட்டார்கள். கரையும் உடலும் ஒரே நிறமான சேலையாக எடுத்து அந்த நேரத்தில் தான் ஒண்டியாக ஓட்டிக்கொள்வதாக அப்பா ஒத்துக்கொண்டார். எனக்குத் தறியிலிருந்து விடுதலை. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கென்று ஓர் உத்தியோகம். சித்தப்பா என்னைத் தனியாக அழைத்து, விசிறியைக் கையில் கொடுத்துச் சொன்னார்.

"மாரு ஏறி எறங்குதான்னு பாத்துக்கினே இரு. நின்னுடுச்சுன்னா அழக் கூடாது, கத்தக் கூடாது. யாரண்டயும் மூச்சு விடாம நேரா எங்கண்ட ஓடியா. புரியுதா?"

புரிகிறது என்று தலையாட்டினேன். இவ்வளவு பெரிய காரியத்துக்குத் தெருவில் இத்தனை பிள்ளைகள் இருக்க என்னைத் தேர்ந்தெடுத்தாரே என்ற நினைப்பில் மற்றது எதுவும் என் காதில் ஏறவில்லை.

தாத்தா கண்ணை மூடிப் படுத்திருந்தார். நான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விசிறிக்கொண்டே, கண் கொட்டாமல் அவருடைய நெஞ்சையே பார்த்தேன். வெள்ளை முடி அடர்ந்த, எலும்புக்கூடான நெஞ்சு. மேலே போகும், ஒரு நொடி நிற்கும், இறங்கும். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"இன்னாடி மொறைச்சிக்கினு இருக்கற?"

"மாரு ஏறி எறங்குதான்னு பாக்கறேன் தாத்தா."

"ஏறுதா?"

"ஏறுது."

"போய் உங்க சித்தப்பன் கிட்ட சொல்லிட்டு வா, ஜம்முனு ஏறுதுன்னு."

நான் நிஜமாகவே எழுந்துவிட்டேன். பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

மறுநாள் விசிறிக்கொண்டிருந்தபோது நெஞ்சு நின்றுவிட்டது. மேலே போன மூச்சு இறங்கவில்லை. நான் விசிறியைப் போட்டுவிட்டு வாசலுக்குப் பாய்ந்தேன். பின்னாலிருந்து பாத்திரம் உருளுவதுபோல ஒரு சிரிப்பு. கிழவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னை ஏமாற்றியிருக்கிறார். சிரிப்பு இருமலாகி, இருமல் இளைப்பாகி, கண்ணில் தண்ணீர் வந்து, அப்புறமும் சிரித்தார். அன்றிலிருந்து அது எங்கள் விளையாட்டாகிவிட்டது. நானும் கெட்டிக்காரியாகிவிட்டேன். அவர் மூச்சைப் பிடித்தால் நகராமல் உட்கார்ந்து முகத்தையே பார்ப்பேன். தாங்க முடியாமல் அவர் உதடு துடிக்கும். துடித்தால் நான் ஜெயித்தேன் என்று அர்த்தம்.

அவர் கேட்டதெல்லாம் வந்தது. காராசேவு கேட்டார், வந்தது. கோயில் இட்லி கேட்டார், மந்தாரை இலை மணக்க மணக்க வந்தது. கம்பவுண்டர் வேண்டாமென்று சொன்ன பீடிகூட ஒன்று வந்தது. இன்னும் என்ன கேட்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்பார். நான் எனக்குப் பிடித்ததாகச் சொல்வேன். வந்ததில் பாதி எனக்கு.

"எல்லாரும் உனக்கு எவ்ளோ செய்யறாங்க தாத்தா" என்று ஒருநாள் சொன்னேன்.

"பின்ன? சாமி வர்ற வரைக்கும் இந்தத் தெருவுக்கு நான்தான்டி சாமி" என்றார்.

நான் அதை அவருடைய வழக்கமான வாய்க்கொழுப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

சாமி வருகிற நாள் காலையில் தெரு முழுக்கக் கோலம், மாவிலை, சாம்பிராணி. எல்லாரும் பந்தலில் இருக்க, என்னைக் கோடி வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டார் சித்தப்பா. இன்றைக்குத்தான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தாத்தா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாதஸ்வரம் தெருமுனை திரும்பியதும், "போய்ப் பாருடி" என்றார்.

"சித்தப்பா திட்டுவாரு."

"சாமி போற வரைக்கும் நான் எங்கியும் போவ மாட்டேன். உங்க சித்தப்பனுக்கு வாக்கு குடுத்துருக்கேன். போ."

நான் வாசற்படி வரைக்கும் மட்டும் போனேன். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. கூட்டத்துக்கு மேலே குடை தெரிந்தது, பிறகு மாலைகள், பிறகு சாமி. எங்கள் தெருப் பட்டு வெயிலில் ஜொலித்தது. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டது தெரிந்தது. சித்தப்பா இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு குழந்தைபோல அழுதுகொண்டிருந்தார். எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. திரும்பிப் பார்த்தபோது தாத்தா கட்டிலில் எழுந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். யார் உதவியும் இல்லாமல் எப்படி எழுந்தார் என்று தெரியவில்லை.

"போச்சா?"

"போச்சு தாத்தா."

"அப்ப நீயும் போ" என்று படுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் பந்தல் பிரித்தார்கள். நான் தறியில் இருந்தேன். திரும்பவும் இரண்டு நிறச் சேலை ஆரம்பித்துவிட்டது. மதியம் சாப்பிட எழுந்தபோது, இன்றைக்குக் கோடி வீட்டுக்கு யார் முறை என்று அம்மாவைக் கேட்டேன். முறையெல்லாம் முடிந்துவிட்டது என்றாள். தாத்தாவுக்கு உடம்பு நன்றாகிவிட்டதா என்று கேட்டேன். சோற்றைப் பார்த்துச் சாப்பிடு என்றாள். அப்பா தலையே நிமிரவில்லை.

அன்று விளக்கு வைக்கிற வேளையில் அம்மா ஒரு பித்தளைச் சொம்பில் ரசம் சாதத்தைக் கரைத்து ஊற்றி, மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, என் கையில் கொடுத்து, அதன்மேல் துண்டைப் போட்டு மூடினாள்.

"கோடி வீட்டுல வெச்சிட்டு ஒடனே வந்துடணும். யாராவது கேட்டா கெணத்தாண்ட போறேன்னு சொல்லு. அங்க குந்தற வேலை வெச்சுக்காத. குந்தினியோ, நாளைக்கு எல்லாம் நம்ம தலையிலதான் வந்து விடியும்."

எங்கள் தெருக் கணக்கு அப்படி. நாதியில்லாத கிழவருக்கு எந்த வீடு தினமும் சோறு போடுகிறது என்று நாலு பேருக்குத் தெரிகிறதோ, அந்த வீடுதான் அவருக்குக் கொள்ளியும் வைக்க வேண்டும், கருமாதியும் செய்ய வேண்டும், வருஷா வருஷம் திதியும் கொடுக்க வேண்டும். முறை வைத்துச் செய்தால் அது தெருவுடையது. முறையில்லாமல் செய்தால் அது நம்முடையது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், பொழுது சாய்ந்த தெருவில் துண்டுக்குள் சொம்பை மறைத்துக்கொண்டு ஓடுவது ஒரு நல்ல விளையாட்டு என்பதுதான்.

தினமும் போனேன். நிறைந்த சொம்பை வைத்துவிட்டு, முந்தின நாள் வைத்த சொம்பை எடுத்துக்கொண்டு வருவேன். எங்கள் வீட்டில் ஒரேமாதிரி இரண்டு சொம்புகள் இருந்தன. உள்ளே விளக்கு ஏற்ற ஆளில்லை. இருட்டில் கட்டில் இருக்கிற இடம் மட்டும் மங்கலாகத் தெரியும்.

"யாரு, மாரு பாக்கறவளா? குந்துடி" என்பார்.

"அம்மா திட்டும் தாத்தா."

"கொஞ்ச நேரம்டி. ஏறுதா எறங்குதான்னு பாத்துட்டுப் போ."

"ஏறுது தாத்தா" என்று வாசற்படியிலிருந்தே சொல்வேன்.

"அங்க இருந்தே தெரியுதா? நல்ல கண்ணுடி உனக்கு."

சித்தப்பா வைத்த மெத்தை போன இடம் தெரியவில்லை. அடுத்த விசேஷத்துக்கு வேண்டுமென்று யாரோ எடுத்துப் போயிருப்பார்கள். ஒருநாள் நான் காலியான சொம்பை இருட்டில் துழாவி எடுத்தபோது, கட்டிலுக்கு அடியில் வேறு ஏதோ பாத்திரம் இடறி உருண்டது. என்ன தாத்தா அது என்றேன். பூனை என்றார். பூனை அப்படிச் சத்தம் போடுமா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு ஓடிவிட்டேன். போகப் போகச் சொம்பு காலியாக இருப்பது குறைந்தது. அப்படியே கனமாகத் திரும்பி வரும். அம்மா ஒன்றும் கேட்காமல் சாக்கடையில் கொட்டிவிட்டு, புளி போட்டுத் தேய்த்து, திரும்பவும் நிரப்பிக் கொடுப்பாள்.

அப்படி ஒருநாள் போனபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அடுத்த பங்குனிக்கும் சாமி வருமல்லவா, அப்போது முறையும் வரும், இட்லியும் காராசேவும் வரும். அதைச் சொன்னேன்.

"அடுத்த பங்குனி வரைக்கும் இருந்துடு தாத்தா."

இருட்டுக்குள் அவர் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அம்மாவைக் கேட்டேன்னு சொல்லு" என்றார். அதற்கு மேல் அவர் பேசி நான் கேட்கவில்லை.

மறுநாள் பொழுது இருக்கும்போதே அம்மா என்னை அனுப்பிவிட்டாள். உள்ளே வெளிச்சம் இருந்தது. தாத்தா மல்லாந்து படுத்திருந்தார். சொம்பை வைத்துவிட்டு, பழக்கத்தில் நெஞ்சைப் பார்த்தேன். நின்றிருந்தது. இந்தக் கிழவர் இன்னும் விளையாட்டை விடவில்லையே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை நாள் நான் உட்காரவில்லை என்ற கோபத்தில் செய்கிறார் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியும் தாத்தா. எவ்ளோ நேரம் புடிச்சிக்கினு இருப்ப, பாக்கறேன்."

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். விசிறியை எடுத்துக்கொண்டேன். உதடு எப்போது துடிக்கும் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். துடிக்கவில்லை. ஓட்டுச் சந்தில் விழுந்த வெயில் அவர் காலிலிருந்து நகர்ந்து சுவரில் ஏறி மறைந்தது. அந்த வீட்டில், சாமி போன பிறகு, நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். கடைசியில் எனக்கே அலுத்துப்போய், சரி நீதான் ஜெயித்தாய் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். போட்டி மும்முரத்தில் பழைய சொம்பை எடுக்க மறந்துவிட்டேன்.

ஏன் இவ்வளவு நேரம் என்று அம்மா கேட்டாள். தாத்தா மூச்சைப் பிடித்து விளையாடுகிறார், இன்றைக்கு ரொம்ப நேரம் பிடித்தார் என்று சொன்னேன்.

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுகுழல் அவள் வாயருகிலேயே நின்றது. என்னை ஒரு தடவை பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். பிறகு குனிந்து ஊத ஆரம்பித்தாள். அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. என்னை மட்டும் பக்கத்தில் இழுத்துப் படுக்கவைத்துக்கொண்டாள்.

காலையில் முருங்கைமரத்து அத்தைதான், சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்கவில்லையே என்று போய்ப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள்.

அப்புறம் பார்க்க வேண்டும், எங்கள் தெருவை. எல்லாத் தறியும் நின்றது. எல்லா வீட்டிலிருந்தும் எல்லாரும் வந்தார்கள். பூப்பல்லக்குப் போலப் பாடை கட்டினார்கள். சங்கும் மேளமும் வந்தன. தெருவே பிள்ளை என்று சொல்லி, தெருவின் சார்பில் சித்தப்பாவே கொள்ளிச்சட்டி எடுத்தார். பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அதிகத் தகராறு எந்த வீட்டோடு இருந்ததோ, அந்த வீட்டு அழுகைதான் அதிகமாக இருந்தது. அது பொய் அழுகையில்லை. பொய் அழுகை எப்படி இருக்குமென்று இந்த வயதில் எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம். திரும்பவும் முறை ஆரம்பித்துவிட்டது, பங்குனி இல்லாத நாளில் வேறு ஏதோ சாமி வருகிறது போலிருக்கிறது என்று, விசிறியைத் தேடி எடுத்துக்கொண்டு கட்டில் பக்கம் போனேன். யாரோ என் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்கள்.

எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்தபின், வீட்டைக் கழுவிவிடுவதற்காகச் சித்தப்பா கட்டிலை நகர்த்தினார். அடியில் பாத்திரங்கள் இருந்தன. ஒரு தூக்கு. ஒரு ஈயம் பூசின கும்பா. மூடி போட்ட கூஜா. சின்ன அடுக்கு. இரண்டு சொம்பு. பாதிப் பாத்திரங்களில் சோறும் கஞ்சியும் புளித்துப் பூத்துப்போயிருந்தன. எங்கள் ஊரில் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பேர் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். சித்தப்பா ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். வாசலில் நின்றிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். கூஜாவை எடுத்துத் திருப்பினபோது அவர் கை அப்படியே நின்றது. சித்தியின் கல்யாணச் சீரில் வந்த கூஜா அது. சித்தி தூணுக்குப் பின்னால் நகர்ந்தாள். சித்தப்பா கூஜாவையும் மற்றதோடு சேர்த்து வைத்தார். எல்லாவற்றையும் கிணற்றடிக்குக் கொண்டுபோய், தானே கொட்டிக் கழுவி, பேர் தெரியாதபடி கவிழ்த்து வரிசையாக வைத்தார். அவரவருடையதை அவரவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

யாரும் எடுக்கவில்லை. தண்ணீர் சேந்த வந்தவர்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் சேந்திக்கொண்டு போனார்கள். முருங்கைமரத்து அத்தை தன் கும்பாவைத் தாண்டித்தான் கயிற்றைப் பிடிக்க வேண்டியிருந்தது. தாண்டினாள்.

சாயங்காலம் நான் கிணற்றடிக்குப் போய் ஒரு சொம்பை நிமிர்த்திப் பார்த்தேன். விளிம்பில் நசுங்கல் இருந்தது. அது நான் போட்ட நசுங்கல். கழுத்தில் அப்பாவின் பெயர். மூன்றாவது படித்தவளாயிற்றே, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தேன். சரியாக வந்தது. வீட்டுக்கு ஓடினேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நம்ம சொம்பு ரெண்டும் கெணத்தாண்ட கெடக்குது. எடுத்துக்கினு வரட்டா?"

"அது நம்முளுது இல்ல."

"அப்பா பேரு வெட்டியிருக்குதுமா. நான் படிச்சேன்."

அம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உனக்கு எங்கடி படிக்கத் தெரியும்" என்றாள்.

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடத்தை விட்டு இத்தனை நாளாகிவிட்டது, படித்ததெல்லாம் மறந்துபோயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் விளையாடப் போய்விட்டேன்.